வேலை தேடறேன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கே அஞ்சு மாசம் ஆச்சு

போன ஞாயித்துக்கிழமை தண்ணி புடிக்கற எடத்துல, எங்க லைன்ல புதுசா குடி வந்த பொண்ணு மெதுவா பக்கத்துல வந்து கேட்டா, "அக்கா, நீங்க எப்படிக்கா மறுபடியும் வேலைக்கு போனீங்க, நானும் ஆறு மாசமா தேடறேன், யார்கிட்டயும் சொல்லலைக்கா"ன்னு. யார்கிட்டயும் சொல்லலைன்னா பாருங்க, அது எனக்கு அப்படியே நெஞ்சுல போய் உக்காந்துருச்சு, ஏன்னா 2023ல நானும் அதே மாதிரிதான் இருந்தேன். கொடம் ரொம்பி வழியறது கூட தெரியாம நின்னு பேசிட்டிருந்தோம், ஆனா பின்னாடி கொடத்தோட நாலு பேர் நிக்கறாங்க, எவ்வளவுதான் சொல்ல முடியும், அன்னைக்கு விட்டதையும் சேத்து இங்க எழுதறேன்.

நான் பி.காம். 2011ல இருந்து 2016 வரைக்கும் கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு பம்ப் பார்ட்ஸ் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாத்தேன். கடைசியா வாங்குன சம்பளம் 11,500. அப்ப எல்லாம் ஜிஎஸ்டிக்கு முன்னாடி இருந்த வாட் வரிதான், மாசா மாசம் ஃபாரம் ஒன்னு போடணும், பர்ச்சேஸ் ஒரு அனெக்சர், சேல்ஸ் ஒரு அனெக்சர், எக்செல்ல ரெடி பண்ணி வணிகவரி சைட்ல ஏத்தணும், வெளி மாநில பார்ட்டிக்கு கம்மி வரில வித்ததுக்கு அவங்க குடுக்க வேண்டிய சி ஃபாரம் கேட்டு கேட்டு போன் பண்ணணும், அந்த சி ஃபாரம் வசூல் பண்றதுல நான் கெட்டிக்காரின்னு ஆபிஸ்லயே பேரு. 2016 அக்டோபர்ல ஏழாம் மாசம், ரொம்ப வாந்தி, பஸ்ல போக முடியல, வேலைய விட்டுட்டேன். அப்ப பிரசவ லீவு சட்டப்படி 12 வாரம், ஆனா எங்க ஆபிஸ்ல அதப் பத்தி யாரும் பேசுனது இல்ல, நானும் கேக்கல, ஒரு வெள்ளைத் தாள்ல ராஜினாமா எழுதி குடுத்துட்டு வந்துட்டேன். அடுத்த வருஷம் ஏப்ரல்ல இருந்து அது 26 வாரமா ஆச்சு. பாப்பாவ மடில வெச்சுட்டு அந்த செய்திய படிச்சது நல்லா ஞாபகம் இருக்குது, படிச்சுட்டு அன்னைக்கு பூரா யார்கிட்டயும் பேசல.

அப்பறம் ஜூலை 2017ல ஜிஎஸ்டி வந்துச்சு. நான் வீட்ல இருந்தேன். இந்த ரெண்டு வாக்கியத்தத்தான் நீங்க ஞாபகம் வெச்சுக்கணும், பின்னாடி நான் பட்டது எல்லாம் இதுக்குள்ளதான் இருக்குது.

2023 ஜூன்ல பாப்பா ஒன்னாங்கிளாஸ் போனா. ஒம்போதுல இருந்து மூன்றரை வரைக்கும் வீடு காலி. எங்க வீட்டுக்காரர் லேத்ல ஜாப் ஒர்க் பண்றவரு, கொரோனாவுக்கு அப்பறம் ஆர்டர் ஒரு மாசம் இருந்தா ரெண்டு மாசம் இல்ல, வாடகை மட்டும் வருஷா வருஷம் ஏறுது. நான் போறேங்கன்னு சொன்னேன், அவரும் சரின்னுட்டார். அவருக்கும் எங்க அத்தைக்கும் தவிர வேற யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். ஏன்னு கேட்டா, கெடைக்கலைன்னா என்ன பண்றது. ஒரம்பறை, சொந்தக்காரங்க எல்லாம் "என்ன அம்மிணி, வேலை என்னாச்சு"ன்னு ஒவ்வொரு கல்யாணத்துலயும் கேப்பாங்களே. அந்த ஒரு கேள்விக்கு பயந்துட்டு அஞ்சு மாசத்த தொலைச்சேன்.

எப்படி தேடுனேன்னா, போன்லதான். நௌக்ரி, அப்னான்னு வேலை தேடற ஆப்பு, வாட்ஸப்ல கோவை ஜாப்ஸ்னு நாலு குரூப்பு, ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வரி விளம்பரம். தினமும் பாப்பாவ விட்டுட்டு வந்து உக்காந்து அப்ளை, அப்ளை, அப்ளை. ஒரு நாப்பது பக்க நோட்டுல கோடு போட்டு தேதி, கம்பெனி, யார் மூலமா தெரிஞ்சுது, என்ன கேட்டாங்க, என்னாச்சுன்னு அஞ்சு காலம் வெச்சு எழுதுனேன், அது பழக்க தோஷம், எத செஞ்சாலும் எழுதி வெச்சாத்தான் எனக்கு நிம்மதி. அந்த நோட்டு இன்னும் இருக்குது, இப்ப பக்கத்துல வெச்சுட்டுதான் எழுதறேன். ஜூன்ல இருந்து தீபாவளி வரைக்கும் 63 எடம். திரும்பி போன் வந்தது 5. நேர்ல கூப்புட்டது 3. என்னாச்சுங்கற கடைசி காலம்ல பெரும்பாலும் ஒன்னுமே இல்ல, வெறும் கோடு.

அந்த கோடுதான் ஆள கொல்றது. வேண்டாம்னு சொல்லிட்டா கூட பரவால்ல, மனசு ஒரு நாள் வலிச்சுட்டு அடுத்தத பாக்கும். ஒன்னுமே சொல்லாம விட்டா, ராத்திரி பதினொன்னரைக்கு போன எடுத்து ரெஸ்யூம பாத்தாங்களா பாக்கலையான்னு தேடிட்டு இருப்போம். ரெஸ்யூம்ல என்ன தப்பு, போட்டோ வெச்சதா, வயசு 33ன்னு போட்டதா, ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு எழுத்து சைஸ மாத்திட்டு இருந்தேன். அப்பறம் எனக்கு நானே ஒரு வழி பண்ணிக்கிட்டேன், அப்ளை பண்ணி பதினஞ்சு நாள் ஆச்சா, பதில் இல்லையா, செவப்பு பேனால அடிச்சுருவேன். கணக்குல வராக்கடன்னு ஒன்னு உண்டு, வராதுன்னு தெரிஞ்சப்பறம் அத வரவேண்டிய பாக்கியிலயே வெச்சுட்டு இருந்தா கணக்கு பொய்யாத்தான் இருக்கும், எழுதி தள்ளிட்டாத்தான் கையில நெசமா என்ன இருக்குன்னு தெரியும். அப்படி அடிச்சதுக்கு அப்பறம் அந்த கம்பெனி பேர தேடி பாக்கறத நிறுத்துனேன். தூக்கம் கொஞ்சம் திரும்பி வந்துச்சு.

மூணு இன்டர்வியூவுல மொதல்ல போனது பீளமேடு பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கம்பெனி. பத்து நிமிஷம் பேசுனாரு ஓனரு. வீட்டுக்காரர் என்ன பண்றாரு, மாமியார் கூட இருக்காங்களா, கொழந்தைக்கு காய்ச்சல்னா லீவு போடுவீங்களா, ஏழு வருஷம் என்ன பண்ணுனீங்க. டெபிட் கிரெடிட் பத்தி ஒரு கேள்வி இல்ல. ஒரு ஆம்பளைய யாராவது உங்க கொழந்தைக்கு காய்ச்சல்னா லீவு போடுவீங்களான்னு கேப்பாங்களா? எனக்கு இன்னைக்கும் அது கோவம்தான். ஏழு வருஷம் ஒரு உசுர வளத்தேன்னு சொல்லிருக்கணும், அப்ப தொண்டை அடைச்சுட்டு ஒன்னும் வரல, "வீட்ல இருந்தேங்க"ன்னு தலைய குனிஞ்சுட்டு சொல்லிட்டு வந்தேன். கடைசில ஒம்போதாயிரம் தர்றேன்னாரு, ஃபிரஷர் மாதிரிதான் எடுத்துக்கணுமாம்.

ரெண்டாவது குறிச்சி சிட்கோல ஒரு ஃபவுண்டரி. அங்க ஒரு வயசான அக்கவுண்டன்ட், கண்ணாடிய நெத்திக்கு ஏத்தி விட்டுட்டு எடுத்ததுமே, "2பி பாத்து ஐடிசி எடுக்க தெரியுமாம்மா"ன்னு கேட்டாரு. எனக்கு 2பின்னா என்னன்னே தெரியல. முழிச்சேன். அவரு கோவிச்சுக்கல, ஒரு சேர இழுத்து போட்டு உக்கார சொல்லிட்டு அவரு ஸ்க்ரீன காட்டுனாரு. நமக்கு சரக்கு குடுத்தவங்க எல்லாம் அவங்க சேல்ஸ 11ஆம் தேதிக்குள்ள ஆர்-1ங்கற ரிட்டர்ன்ல ஏத்துவாங்க, அத வெச்சு 14ஆம் தேதி நமக்கு ஒரு லிஸ்ட்டு வரும், அதான் 2பி, அதுல இருக்கற வரிய மட்டும்தான் நாம கட்ட வேண்டியதுல கழிச்சுக்க முடியும், அப்படி கழிக்கறதுதான் ஐடிசி, சப்ளையர் ஏத்தாம விட்டா நம்ம கையில பில்லு இருந்தாலும் கழிக்க முடியாது, அதனால நம்ம பர்ச்சேஸையும் அந்த லிஸ்டையும் ஒன்னொன்னா ஒப்பிட்டு பாத்து 20ஆம் தேதிக்குள்ள 3பிங்கற ரிட்டர்ன போட்டு வரி கட்டணும். அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிச்சுட்டாரு. "தப்பா நெனைக்காதீங்கம்மா, அடிப்படை நல்லா இருக்குது, ஆனா நீங்க வாட் காலத்துல நிக்கறீங்க, ஒரு மூணு மாசம் எங்கயாவது உக்காந்து இத கையில பழகிட்டு வாங்க"ன்னாரு.

வெளிய வந்து பஸ் ஸ்டாப்புல உக்காந்துட்டேன். அழுகை வரல, ஒரு தெளிவு வந்த மாதிரி இருந்துச்சு. ஏழு வருஷம் கேப்பு ஏழு வருஷம் கேப்புன்னு நானும் பயந்துட்டு இருந்தேன், கேக்கறவங்களும் அதையே கேக்கறாங்க, ஆனா நெசமா விட்டுப் போனது என்னன்னு மொத மொதலா ஒருத்தரு பேர் சொல்லி சொன்னாரு. 2பி ஒப்பீடு, சரக்கு வண்டியோட போற இ-வே பில், போர்டல்ல பதியற இ-இன்வாய்ஸ், விக்கறவருக்கு பதிலா வாங்கறவரே வரி கட்டற ஆர்சிஎம், கணக்கு எழுதற சாப்ட்வேர் டேலி ப்ரைம். அஞ்சு விஷயம். ஏழு வருஷத்த என்னால திரும்பி கொண்டு வர முடியாது, இந்த அஞ்ச படிச்சுக்க முடியும். நோட்டுல அன்னைக்கு அந்த அஞ்சையும் எழுதி சுத்தி கட்டம் போட்டேன்.

மூணாவதா போனத பத்தி அதிகம் சொல்ல ஒன்னும் இல்ல. ஒரு கன்சல்டன்சி, ரிஜிஸ்ட்ரேஷன்னு 1,500 வாங்கிட்டு ஒரு அட்ரஸ் குடுத்தாங்க, போனா அங்க இன்சூரன்ஸ் ஏஜென்ட் சேக்கறதுக்கு மீட்டிங். அந்த 1,500 பாப்பாவோட ஷூவுக்கும் வேன் பீஸுக்கும் வெச்சிருந்தது. வேலை குடுக்கறவன் நம்மகிட்ட காசு கேக்க மாட்டான், இத தயவுசெஞ்சு எழுதி வெச்சுக்கங்க, கமிஷன் கம்பெனி கிட்ட வாங்கற ஏஜென்சி இருக்குது, நம்மகிட்ட முன்பணம் கேட்டா எந்திரிச்சு வந்துருங்க. வீடியோவுக்கு லைக் போட்டா தினம் மூவாயிரம்னு டெலிகிராம்ல வர்றதும் அதேதான், மொதல்ல நூத்தம்பது இருநூறு போட்டு நம்ப வெச்சுட்டு அப்பறம் நம்மள கட்ட சொல்லுவாங்க. மாட்டிக்கிட்டீங்கன்னா வெக்கப்பட்டுட்டு உக்காராம உடனே 1930ங்கற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு போன் அடிங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றமோ அவ்வளவுக்கு பணத்த நிறுத்தி வெக்க வாய்ப்பு உண்டு.

எல்லாரும் சொல்ற இன்னொன்னு, குரூப் 4 எழுது அம்மிணி, கவர்மென்ட் வேலைன்னு. எழுதறவங்கள நான் ஒன்னும் சொல்ல மாட்டேன், எங்க அக்கா பொண்ணு எழுதிட்டுதான் இருக்கா. ஆனா 2022ல அறிவிச்சது 7,301 எடம், விண்ணப்பம் போட்டது 22 லட்சம் பேர். வாடகை கட்ட வேண்டிய வீட்ல அத மட்டும் நம்பி உக்கார முடியாது, ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் கெடைக்கற வேலைன்னு போறதுதான் எனக்கு சரின்னு படுது. எம்ப்ளாய்மென்ட் ஆபிஸ் பதிவ நான் மூணு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்காம விட்டுட்டேன், அது என் தப்பு. டிகிரி படிச்சவங்களுக்கு மாசம் 600 ரூபா உதவித்தொகை உண்டு, பதிவு பண்ணி அஞ்சு வருஷம் ஆயிருக்கணும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்குள்ள இருக்கணும், எனக்கு ரெண்டுமே ஒத்து வரல. உங்களுக்கு ஒத்து வந்தா விடாதீங்க, மூணு வருஷம் குடுப்பாங்க. அந்த ஆபிஸ்லயே தனியார் கம்பெனி முகாமும் நடத்தறாங்க, காசு கெடையாது, அத நான் அப்ப பாக்காம விட்டதும் ஒரு தப்பு.

சரி, திருப்பம் எங்க வந்துச்சுன்னா ஒரு ஜெராக்ஸ் கடைல.

எங்க ஏரியா மெயின் ரோட்ல ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை, அஞ்சு மாசமா அங்கதான் ரெஸ்யூம் பிரிண்ட் எடுப்பேன். மொத தடவை போனப்பவே அந்த அண்ணன் பேப்பர பாத்துட்டு "யாருக்குங்க்கா"ன்னு சாதாரணமாத்தான் கேட்டாரு, நான் டக்குன்னு "தம்பி சம்சாரத்துக்குங்க"ன்னு பொய் சொல்லிட்டேன். பேரு என் பேரு, போட்டோ என் போட்டோ! அவரு ஒன்னும் கேக்கல. அதுக்கப்பறம் ஒவ்வொரு தடவையும் பேப்பர கவுத்து வெச்சு குடுப்பேன், அவரும் கவுத்து வெச்சே திருப்பி குடுப்பாரு. தீபாவளி முடிஞ்ச வாரம் போனேன், அன்னைக்கு என்னமோ தெரியல, ஒரம்பறை எல்லாம் வந்துட்டு போன அலுப்பா, நோட்டுல அந்த வாரமும் எல்லாமே செவப்பா இருந்ததா, "அண்ணா, இது எனக்குத்தான், நான்தான் வேலை தேடறேன், அக்கவுண்ட்ஸ் பாப்பேன், யாராவது கேட்டா சொல்லுங்க"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன். காது எல்லாம் சூடாயிருச்சு.

அவரு மெஷின நிறுத்திட்டு திரும்புனாரு. "ஏனுங்க்கா இத மொதல்லயே சொல்ல வேண்டாமா, ராம்நகர்ல ஆடிட்டர் ஆபிஸ்ல இருந்து வாரத்துல மூணு நாள் இங்கதான் பைண்டிங்குக்கு வர்றாங்க, போன மாசம் கூட ஆள் இருந்தா சொல்லுங்கன்னாங்களே." போன மாசம். நான் வீட்ல உக்காந்து எழுத்து சைஸ் மாத்திட்டு இருந்த அதே மாசம்.

அன்னைக்கு பொழுதோட வீட்டுக்கு வந்து யார் யார்கிட்ட எல்லாம் சொல்லலாம்னு நோட்டோட பின்பக்கம் எழுதுனேன். பழைய கம்பெனில கூட வேலை பாத்த அக்கா, பாப்பா ஸ்கூல்ல கூட நிக்கற ரெண்டு அம்மாங்க, எங்க வீட்டுக்காரருக்கு ஆர்டர் குடுக்கற ரெண்டு கம்பெனி, டெய்லர் அக்கா, என்ற சித்தப்பா மகன், இப்படி பதினோரு பேர். ஒரு வாரத்துல பதினோரு பேர்கிட்டயும் சொன்னேன். கெஞ்சற மாதிரி இல்ல, "அக்கவுண்ட்ஸ் தெரியும், அஞ்சு வருஷம் பாத்துருக்கேன், இப்ப ஜிஎஸ்டி பழகிட்டு இருக்கேன், கணபதி காந்திபுரம் பக்கம் இருந்தா சொல்லுங்க"ன்னு, என்ன வேலை, எந்த பக்கம், எத்தன மணி வரைக்கும்னு தெளிவா. ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கன்னு மொட்டையா சொன்னா கேக்கறவங்களுக்கு யார நெனைக்கறதுன்னே தெரியாது. பதினோரு பேர்ல ஏழு பேர்கிட்ட இருந்து தகவல் வந்துச்சு, அதுல நாலு எடத்துக்கு நேர்ல போனேன். 63க்கு 3, பதினொன்னுக்கு 4. நோட்டுல இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதி பாத்துட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். ஆப்பே வேண்டாம்னு நான் சொல்லல, ஐடி பக்கம் போறவங்களுக்கு அதுலதான் வேலை வருது, ஆனா எங்க மாதிரி பத்து பேரு, இருவது பேரு வேலை செய்யற கம்பெனி எல்லாம் விளம்பரமே குடுக்கறது இல்ல. அக்கவுண்டன்ட் நின்னுட்டா மொதல்ல ஆடிட்டருக்குத்தான் போன் போடுவாங்க, "சார், நம்பிக்கையான ஆள் யாராச்சும் இருந்தா அனுப்பி விடுங்க"ன்னு. கல்லாப்பெட்டி சாவிய குடுக்கற மாதிரி வேலை இது, தெரிஞ்சவங்க சொல்லித்தான் எடுப்பாங்க. அதுக்கப்பறம் கேட்டுல ஒரு அட்டை தொங்க விடுவாங்க, அவ்வளவுதான்.

அந்த ராம்நகர் ஆபிஸ்ல மாசம் 5,000, பத்துல இருந்து மூணு வரைக்கும், மூணு மாசம் பழகிக்கங்கன்னு சொன்னாங்க. குறைவுதான், இப்படி கம்மி சம்பளத்துக்கு எல்லாரும் ஒத்துக்கணும்னு நான் சொல்ல வரல, ஆனா எனக்கு அப்ப கட்டம் போட்டு வெச்ச அஞ்சும் ஒரே எடத்துல கெடச்சுது, காசு குடுத்து கோர்ஸ் போறதுக்கு பதிலா காசு வாங்கிட்டு படிக்கலாம்னு போனேன். பஸ்ஸுக்கு செலவு இல்ல, டவுன் பஸ் பொம்பளைங்களுக்கு ஃப்ரீ, 2021ல வந்த இந்த ஒன்னு இல்லைன்னா இத்தன எடத்துக்கு அலைஞ்சிருக்கவே மாட்டேன், தேடற காலத்துல ஒரு நாளைக்கு நாப்பது ரூபாங்கறது சாதாரணம் இல்ல.

அங்க எனக்கு சொல்லி குடுத்தது ஒரு 23 வயசு பொண்ணு. மொத நாள் ஒரு பர்ச்சேஸ் லிஸ்ட்டையும் 2பி எக்செலையும் குடுத்து எது வரலைன்னு பாருங்கக்கான்னா. எக்செல்ல ரெண்டு லிஸ்ட்டையும் ஒப்பிடற விலுக்கப் ஃபார்முலா போட்டா பாதிக்கு பாதி இல்லைன்னு வருது. பயந்துட்டேன், இவ்வளவு சப்ளையர் ஏத்தலையான்னு. அவ வந்து எட்டிப் பாத்துட்டு சிரிச்சா, நம்ம ஆளு டேலில பில் நம்பர வெறும் 117ன்னு அடிச்சிருக்காரு, சப்ளையர் ஏத்துனது வருஷத்தோட சேத்து, முன்னாடி நாலு எழுத்தோட. இன்னொன்னுல சைபர் இருக்க வேண்டிய எடத்துல ஓன்னு இங்கிலீஷ் எழுத்து. இன்னும் சிலதுல கண்ணுக்கே தெரியாம கடைசில ஒரு ஸ்பேஸ். "ட்ரிம் போடுங்கக்கா"ன்னா. அது தேவையில்லாத ஸ்பேஸ எடுத்து விடற ஃபார்முலா. நம்பர் எல்லாம் சரி பண்ணி அதையும் போட்டேன், முப்பதுக்கு மேல பில்லு டக்குன்னு வந்து உக்காந்துச்சு. மிச்சம் இருந்தது ஆறே ஆறு, அந்த ஆறு பேருக்கும் போன் அடிச்சு ஆர்-1ல ஏத்த சொல்ற வேலைய என்கிட்ட குடுத்தாங்க. சி ஃபாரம் கேட்டு கேட்டு போன் பண்ண அதே வேலை! போன எடுத்து பேச ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிஷத்துல எனக்கு என்ற பழைய குரல் திரும்பி வந்துருச்சு, "அண்ணா, உங்க பில்லு எங்க லிஸ்ட்ல வரலைங்ணா, இன்னைக்கு கொஞ்சம் பாத்து விடுங்க"ன்னு. கூட இருந்தவங்க திரும்பி பாத்தாங்க. அந்த நாள என்னால மறக்க முடியாது.

வீட்ல ராத்திரி டேலி ப்ரைம எஜுகேஷன் மோட்ல போட்டு பழகுவேன், காசு கட்ட வேண்டாம், ஆனா மாசத்துல 1, 2, 31 இந்த தேதி மட்டும்தான் என்ட்ரி போட விடும், பழகறதுக்கு அது போதும். ஜிஎஸ்டி சைட்லயே எப்படி பண்றதுன்னு வீடியோ எல்லாம் இருக்குது, அதுவும் ஃப்ரீ. கோர்ஸுக்கு இருவதாயிரம் கட்டறதுக்கு முன்னாடி இத பாத்துருங்க.

வேலை கெடச்சது 2024 பிப்ரவரி கடைசில, அந்த ஆடிட்டர் மூலமாத்தான். இ-இன்வாய்ஸ் 2020ல 500 கோடி வியாபாரம் இருக்கறவங்களுக்குன்னு ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா எறக்கி 2023 ஆகஸ்ட்ல 5 கோடிக்கு மேலன்னு ஆக்கிட்டாங்க, எங்க பக்கம் சின்ன சின்ன கம்பெனி எல்லாம் அதுக்குள்ள வந்துருச்சு. கம்பெனிக்கு விக்கற ஒவ்வொரு பில்லையும் போர்டல்ல ஏத்தி நம்பரும் க்யூஆர் கோடும் வாங்கித்தான் சரக்கு வெளிய போகணும், வாரத்துக்கு ஒருக்கா வந்து எழுதிட்டு போற பார்ட் டைம் ஆள வெச்சு ஓட்ட முடியாது, தினமும் ஒருத்தர் உக்காரணும். அந்த மாதிரி ஒரு மோட்டார் பார்ட்ஸ் கம்பெனிதான் இது. இன்டர்வியூவுல ஓனர் அக்கா, ஆமா ஓனரு ஒரு அக்கா, ஏழு வருஷம் கேப்பான்னு கேட்டாங்க. இந்த தடவை தலைய குனியல. "ஆமாங்க்கா, பொண்ண வளத்தேன், இப்ப அவ ஒன்னாவது, மூணு மாசமா ஆடிட்டர் ஆபிஸ்ல இருவத்தி ரெண்டு கம்பெனிக்கு 2பி பாத்துருக்கேன், உங்களுது கூட நான்தான் போன மாசம் பாத்தேன், ரெண்டு லாரி வாடகை பில்லுக்கு ஆர்சிஎம் விட்டுப் போயிருந்துச்சு, நான்தான் எடுத்து குடுத்தேன்"னேன். அவங்க ஆடிட்டருக்கு போன் பண்ணி கேட்டுட்டு வெச்சுட்டாங்க.

சம்பளம் 12,000ன்னாங்க. நான் 15,000 கேட்டேன், கேக்கறப்ப கை நடுங்குச்சு, மேஜைக்கு கீழ வெச்சுக்கிட்டேன். 14,000ல முடிஞ்சுது. கையில வர்றது எவ்வளவுங்க்கான்னும் அங்கயே கேட்டேன், இதையும் நீங்க கேக்கணும், பிஎஃப் 1,680, ஈஎஸ்ஐ 105 போக 12,215. ஈஎஸ்ஐ, அதாவது பிரசவத்துக்கும் சேத்து உதவற காப்பீடு, இருக்கான்னு நான் தனியா கேட்டதுக்கு காரணம் 2016. அந்த வெள்ளைத் தாள்.

மொத மாச சம்பளத்துல ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு ஒரு அரை கிலோ மைசூர்பா வாங்கிட்டு போனேன், "தம்பி சம்சாரத்துக்கு வேலை கெடச்சுருச்சாங்க்கா"ன்னு கேட்டாரு. ரெண்டு பேருக்கும் கண்ணு கலங்கிருச்சு.

தண்ணி புடிக்கற எடத்துல கேட்ட அந்த பொண்ணுகிட்ட நேத்து ராத்திரி மறுபடியும் பேசுனேன். பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ், கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் ஒரு ஆஸ்பத்திரில பில்லிங் பாத்திருக்கா. அவளுக்கு என்ன விட்டுப் போயிருக்குதுன்னு எனக்கு தெரியாது, அவ வேலை வேற, அத சொல்லக்கூடிய ஆளு எங்க பாப்பா ஸ்கூல் அம்மாங்கள்ல ஒருத்தங்க இருக்காங்க, காப்பீட்டு பில்லிங் பாக்கறவங்க, அவங்க நம்பர குடுத்திருக்கேன், நாளைக்கு மதியம் அவங்க சாப்பாட்டு நேரத்துல பேசறேன்னு சொல்லிருக்கா. என்ற நோட்டையும் கேட்டா. தர்றேன்னுட்டேன், பின்னாடி இன்னும் பன்னெண்டு பக்கம் காலியாத்தான் இருக்குது. இத பதிவு போட்டுட்டு காத்தால எடுத்துட்டு போகச் சொல்லிருக்கேன்.